தெரியாதவர்களுக்கு மட்டும்

முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு தப்பு கிழிந்தது. கிழித்தவன் வெளியாள் இல்லை, அமலோற்பவத்தின் கூடப்பிறந்த தம்பி.

குடவாசலுக்கு வெளியே மூடிக்கிடந்த ரைஸ் மில்லின் சிமெண்டுக் களத்தில் வைக்கோலைக் கொளுத்தி, தப்புகளை வரிசையாகச் சாய்த்துவைத்துத் தோல் காய்ச்சிக்கொண்டிருந்தாள் அவள். சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிங்கராயர் சைக்கிளை கேட்டிலேயே போட்டுவிட்டு விடுவிடுவென்று உள்ளே வந்தான். பேரில்தான் 'அர்' உண்டு. ஞானஸ்நானத்தில் சாமியார் கொடுத்த மரியாதை அதோடு சரி, அதற்கப்புறம் ஊரில் ஒருத்தனும் அவனை மரியாதையாகக் கூப்பிட்டது கிடையாது. வந்தவன் நேரே போய், தீயோரம் இருந்த தப்பின்மேல் ஏறி ஒரே மிதி. தோல் பொத்துக்கொண்டு கால் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. மாட்டின காலை இழுத்துக்கொண்டே அடுத்த தப்பை உதைக்கப் போனான்.

அமலோற்பவம் விடுவாளா? எட்டி அவன் தலைமயிரைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். அவன் கன்னத்தில் அறைந்தான். அவள் கையிலிருந்த குச்சியால் அவன் காதோரம் சுளீரென்று ஒன்று வைத்தாள். ரத்தம் வந்துவிட்டது. அவளுக்கு வயசு நாற்பத்தொன்று, அவனுக்கு முப்பத்தெட்டு. பம்பரத்துக்குச் சண்டை போடுகிற பிள்ளைகள் மாதிரி இரண்டும் களத்தில் உருண்டதைப் பார்த்து, பழக வந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

"பதினோரு வருஷம்க்கா!" என்று கத்தினான் சிங்கராயர். "ஒரே ஒரு வார்த்தையப் பிடிச்சுக்கிட்டு இந்தத் தெரு தப்பிச்சு நிக்குது. அதுல மண்ணள்ளிப் போடத்தான் குவைத்துலேர்ந்து வந்தியா?"

அந்த வார்த்தை என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் இந்தக் கதையில் ஒன்றும் புரியாது.

தொண்ணூற்றைந்து தை மாதம். மாதாகோயிலில் சாமியார் சிங்கராயரின் கல்யாணத்தை அறிவித்து ஓலை வாசித்த ஞாயிறு. பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு படியிறங்குகிறான், பெரிய வீட்டு ஆள் வந்து நிற்கிறான். பெரிய வீடு என்றால் இளையபெருமாள் வீடு, நூற்றிருபது மா நிலம். அந்த வீட்டில் எழவு விழுந்தால் கீழத்தெரு ஆண்கள் தப்போடு போய் வாசலில் நிற்க வேண்டும். எப்போது என்று கேட்கலாம், ஏன் என்று கேட்கக் கூடாது. அன்றைக்குச் செத்தது இளையபெருமாளின் மைத்துனர். சிங்கராயர், "இன்னிக்கு நான் வர மாட்டேன்," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான், பாவம். பூசைக்கு வந்த சனம் பார்க்கப் பார்க்க அந்தப் படியிலிருந்தே இழுத்துப் போனார்கள். பெரிய வீட்டுக் களத்துத் தென்னையில் கட்டி, தண்ணீரில் நனைத்த கயிற்றால் முதுகுத் தோல் உரிகிற வரைக்கும் அடித்தார்கள். பெண் வீட்டார் அதைக் கேள்விப்பட்டதோடு பேச்சை முறித்துக்கொண்டார்கள். இன்றுவரை அவன் கல்யாணம் கட்டவில்லை.

அந்த வாரம் தெரு கூடியது. நடவு வேலைக்குப் போகும் காளியம்மாள்தான் வழி சொன்னாள்: "வர மாட்டேன்னு சொன்னா அடிப்பான். தெரியாதுன்னு சொன்னா என்னத்தப் பண்ணுவான்?" அன்று இருந்த தப்பையெல்லாம் குடமுருட்டி ஆற்றில் கொண்டுபோய் விட்டார்கள். தெரிந்தவர்கள் மறந்தவர்கள் ஆனார்கள். பிள்ளைகளுக்கு ஒருத்தரும் பழக்கவில்லை. பெரிய வீட்டிலிருந்து ஆள் வரும்போதெல்லாம் ஒரே பதில்: "தெரிஞ்சவங்க செத்துப் போயிட்டாங்க. எங்களுக்குத் தெரியாதுங்க." நாலைந்து தடவை அறைந்து பார்த்தார்கள். அறைந்தால் மட்டும் தாளம் வந்துவிடுமா? கடைசியில் கும்பகோணத்திலிருந்து பேண்டு செட்டு வரவழைத்துக்கொண்டார்கள்.

ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்கள் வந்தன. தெருவில் பாதி திருப்பூருக்கும் மீதி சிங்கப்பூர், குவைத் என்றும் போனது. புருஷன் விட்டுப்போன அமலோற்பவமும் குவைத்தில் ஒரு வீட்டில் எட்டு வருஷம் பாத்திரம் தேய்த்தாள். வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நம் பக்கத்து ஆட்கள் கூடுவார்கள். அதில் குத்தாலத்து டிரைவர் ஒருவர் காலி எண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு, கல்யாணத்தில் பொண்ணழைக்க அடிக்கும் அடியைத் தட்டுவார். அவளும் பக்கத்தில் ஒரு தகரத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பொம்பளைக்கு எதற்குத் தப்பு என்று கேட்க அங்கே ஆளில்லை. வாரத்தில் அந்த அரை மணி நேரம்தான் தான் மனுஷி என்கிற நினைப்பே அவளுக்கு வரும்.

இரண்டாயிரத்தாறில் ஊருக்கு வந்து சேர்ந்தவளுக்கு அந்த அரை மணி நேரம் வேண்டியிருந்தது. தனியாகத் தட்டுவதற்கில்லை, கூட்டமாகத் தட்ட வேண்டும். ஞாயிறு தோறும் மூன்று மணிக்கு, யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து தட்டிவிட்டுப் போகலாம், வாத்தியார் கிடையாது என்று திட்டம் போட்டாள். குவைத்தில் கூட இருந்த சிநேகிதி ஆசியாதான் மில்லின் சாவியைக் கொடுத்தாள். அவள் புகுந்த வீட்டு மில் அது. ஆசியா பிறந்தது நாகூரில். அங்கே பக்கீர்மார்கள் தட்டும் தாயிரா என்கிற வட்டப் பறையின்மேல் சின்ன வயசிலிருந்தே அவளுக்கு ஒரு கண். "நானும் வருவேன், ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாதுடி," என்றாள்.

அப்போதுதான் அமலோற்பவத்துக்கு அந்த யோசனை உதித்தது. கேட்டில் ஒரு பலகை மாட்டினாள்: 'தப்பு பழக வரலாம். தெரியாதவர்களுக்கு மட்டும்.'

"பாருடா," என்று காதில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பிக்கு அந்தப் பலகையைக் காட்டினாள். "தெரிஞ்சவன் ஒருத்தனும் உள்ள வரக் கூடாது. தெரியாதுங்கறத போர்டுலயே எழுதி மாட்டிட்டேன். நாளைக்கு எவன் வந்து கேட்டாலும் இதத்தான் காட்டுவேன்."

"இன்னிக்குத் தெரியாது. எட்டு வாரம் கழிச்சு?"

அவளுக்குக் கோபம்தான் வந்தது. "எட்டு வாரத்துல எவன் சாவுறானோ பாப்போம், போடா!" என்று விரட்டிவிட்டாள். வாய் எதையாவது சொல்லிவைக்கும்.

அவன் அதோடு பேச்சை விட்டான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சோறு போட்டால் சாப்பிடுவான், தட்டைக் கழுவி வைப்பான், அவ்வளவுதான்.

ஞாயிறுகள் ஓடின. அந்தக் கூத்தைச் சொல்லி மாளாது. ஒரு சைக்கிள் கடைக்காரர், ரிடையரான கணக்கு வாத்தியார், காளியம்மாளும் அவள் மருமகள்கள் இரண்டு பேரும், ஆசியா, இன்னும் இரண்டு பேர். ஆளுக்கொரு திசையில் தாளம் ஓடும். கணக்கு வாத்தியார் எண்ணிக்கொண்டே அடித்து எப்போதும் ஒன்று பிந்துவார். அமலோற்பவத்துக்குத் தெரிந்ததே குவைத்தில் பழகின அந்த ஒரு அடிதான். அதை வாய்ப்பாட்டாக மாற்றிக் கொடுத்தாள்: "வந்தா பாரு வந்தா பாரு, வளையக்காரி வந்தா பாரு." வாய் சொல்ல, கை அதன் பின்னாலேயே போகும். சாவுக்கு அடிக்கும் அடி இந்தக் களத்தில் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். நாலாவது ஞாயிறு, எட்டுப் பேரும் ஒரே ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்றுதான், பிசகாமல் அடித்தார்கள். காளியம்மாள் குச்சியைப் போட்டுவிட்டு அழுதே விட்டாள். "எங்கப்பன் அடிச்சத கேட்டிருக்கேன், என் கை அடிச்சு இப்பதான் கேக்குறேன்," என்றாள்.

எட்டாவது ஞாயிறு காலையில் இளையபெருமாள் செத்துப் போனார்.

மூன்றரை மணிக்கு மில் வாசலில் ஒரு சுமோ வந்து நின்றது. பெரியவரின் மகன் துரைராசு இறங்கினான். கூட நாலு பேர். துரைராசு பலகையை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

"அப்பா தவறிட்டாரு. நாலரைக்கு எடுக்கறோம்," என்றான். "பேண்டு செட்டு வேணாம், தப்போடதான் போவணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. எட்டு பேரும் கெளம்புங்க."

"எங்களுக்கு..." என்று ஆரம்பித்தாள் அமலோற்பவம்.

வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. பதினோரு வருஷமாகத் தெரு முழுக்கச் சொன்ன வார்த்தை. ஆனால் எட்டுக் கையிலும் குச்சி இருக்கிறது, காய்ச்சின தோலில் சூடு இருக்கிறது. தம்பி கேட்டது இதைத்தான் என்று அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது.

"என்ன, தெரியாதா?" என்று சிரித்தான் துரைராசு. "எட்டு வாரமா என்ன, அவலா இடிக்கிறீங்க? கடைத்தெரு பூரா இதே பேச்சு."

"தெரியும்," என்றாள் அமலோற்பவம். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "நல்லாத் தெரியும். வர மாட்டோம்."

அறை விழுந்தது. அடுத்த நொடி அவள் வைக்கோல் நெருப்பின்மேல் கிடந்தாள். முழங்கை பொசுங்கியது. ஆசியா குறுக்கே வந்து, "இது எங்க எடம், வெளிய போங்க!" என்று கத்தினாள். அவளைச் சுவரில் தள்ளி, அவள் நாகூரிலிருந்து ஆசையாக வாங்கிவந்திருந்த தாயிராவைப் பிடுங்கித் தரையில் அடித்து உடைத்தார்கள். கணக்கு வாத்தியாரின் கண்ணாடி நொறுங்கியது. தப்புகளை ஒவ்வொன்றாக அரிவாள் முனையால் குத்திக் கிழித்துக்கொண்டே வந்தார்கள். இரண்டு பேர் அமலோற்பவத்தைத் தூக்கி, அவள் வலது கையைக் களத்துச் சுவர் விளிம்பில் நீட்டிப் பிடித்தார்கள். துரைராசு ஒரு செங்கல்லை எடுத்தான்.

"கடைசியாக் கேக்கறேன்."

"வர மாட்டோம்டா!"

"விடுங்க! நான் வரேன்!"

சிங்கராயர் கேட்டில் நின்றுகொண்டிருந்தான். சாவுச் செய்தி கேட்டு, தப்பையெல்லாம் ஒளித்துவைக்கச் சொல்ல ஓடிவந்தவன். மூச்சு வாங்கியது. "அவங்களுக்கு ஒண்ணும் வராதுங்க. கத்துக்குட்டிங்க. எனக்குத் தெரியும். அக்காவ விடுங்க."

"ஓ, தெரியுமா?" துரைராசு செங்கல்லைப் போட்டான். "பதினோரு வருஷமா தெரியாது தெரியாதுன்னியே, நாயே!" இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று. சிங்கராயர் கையைக்கூடத் தூக்கவில்லை. வாங்கிக்கொண்டு, கிழியாமல் மிச்சமிருந்த ஒரே தப்பை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"போகாதடா!" என்று அலறினாள் அமலோற்பவம். "என் கை போனாப் போவுது, நீ போகாத!" அவன் நிற்காமல் நடந்தான். அவளுக்கு வெறி வந்துவிட்டது. ஓடிப்போய் அவன் முன்னால் நின்று முகத்திலேயே துப்பினாள். "தூ! இதுக்காடா என் தப்ப மிதிச்ச?"

சிங்கராயர் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுமோவில் ஏறினான்.

அவளால் மில்லில் உட்கார முடியவில்லை. பொசுங்கின கையோடு பின்னாலேயே நடந்தாள். காளியம்மாளும் ஆசியாவும் மருமகள்களும் கூட வந்தார்கள். வாய்க்கால் இக்கரையில் இவர்கள், அக்கரையில் பெரிய வீட்டு ஊர்வலம். துரைராசு தீச்சட்டியோடு முன்னால் வந்தான். பாடை முழுக்க ரோஜா மாலை. எல்லாருக்கும் முன்னே, தன்னந்தனியாக, தப்போடு சிங்கராயர்.

முதல் அடி விழுந்தது. அமலோற்பவம் காதைப் பொத்திக்கொண்டாள். பதினோரு வருஷமும் தன்னால் அல்லவா வாய்க்காலோடு போகிறது என்று நெஞ்சு வெடித்தது. காளியம்மாள் அவள் கையை இழுத்து விலக்கினாள்.

"அடியே, கேளுடி. நல்லாக் கேளு."

கேட்டாள். அவள் வாய் தானாக முணுமுணுத்தது. வந்தா பாரு வந்தா பாரு, வளையக்காரி வந்தா பாரு.

அட பாவி! பொண்ணழைக்கிற அடி! பெரிய வீட்டுப் பெரியவரைப் புதுப்பொண்ணு மாதிரி அழைத்துக்கொண்டு போகிறான் சுடுகாட்டுக்கு! பேண்டு செட்டில் சினிமாப் பாட்டுக் கேட்டே வளர்ந்த துரைராசுக்கு எந்த அடி எதற்கென்று என்ன தெரியும்? முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடக்கிறான். பெண்டுகள் அந்தத் தாளத்துக்குச் சரியாக மாரில் அடித்துக்கொள்கிறார்கள். மருமகள்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். எட்டு வாரம் அந்த ஒரு அடியோடு மல்லுக்கட்டியவர்கள், அவர்களுக்குத் தெரியாதா! அமலோற்பவத்துக்குச் சிரிப்பு பீறிட்டது. துப்பின வாயை எந்தத் தண்ணீரில் கழுவுவது என்று அழுகையும் வந்தது. அதற்கும் பின்னால், மெதுவாக, பயம் வந்தது. இது எத்தனை தூரம் போகும்?

மதகுவரை போயிற்று. அங்கே, குத்தாலத்திலிருந்து வந்திருந்த சம்பந்தி ஒருவர், எழுபது வயசிருக்கும், தலையைச் சாய்த்துக் கேட்டபடியே வந்தவர் சட்டென்று நின்றார். "யோவ் துரைராசு! இது பொண்ணழைக்கிற அடியாச்சேய்யா!"

நாலு பேர் திரும்பினார்கள். சிங்கராயர் நிறுத்தவில்லை. இன்னும் வேகமாக அடித்தான்.

முதலில் தீச்சட்டி பறந்து வந்து அவன் முதுகில் உடைந்தது. பாடையை நடுரோட்டில் வைத்துவிட்டு, அதைத் தூக்கி வந்தவர்களே ஓடிவந்தார்கள். வேலிப் படலிலிருந்து மூங்கிலை உருவினார்கள். மண்டையில் விழுந்தது, முட்டியில் விழுந்தது. அவன் மண்டியிட்டும் அடித்தான். விழுந்த பிறகும் ஒரு குச்சியால் தட்டிக்கொண்டே இருந்தான். துரைராசு அவன் வலது கையை மதகுச் சுவரில் இழுத்து வைத்து, மதகுக் கட்டையால் ஓங்கி இறக்கினான். எலும்பு முறியும் சத்தம் வாய்க்காலைத் தாண்டிக் கேட்டது.

அமலோற்பவம் எப்படி அக்கரை போனாள் என்று அவளுக்கே தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் விழுந்தடித்துப் போயிருக்கிறாள். தம்பி பக்கத்தில் கிடந்த தப்பை எடுத்தாள். அதன் மரச்சட்டத்தைத் துரைராசின் வாயில் பக்கவாட்டில் வீசினாள். பல் தெறித்தது. மறுபடி வீசினாள். அவன் மூக்கு உள்ளே போயிற்று. அவள் முதுகில் யார் யாரோ அடித்தார்கள், அவளுக்கு உறைக்கவில்லை. சட்டம் இரண்டாக உடைகிறவரைக்கும் வீசினாள். காளியம்மாள் வாய்க்கால் சேற்றை அள்ளி அள்ளி வந்தவர் கண்ணில் எல்லாம் அப்பினாள். எல்லாருக்கும் நடுவில் பெரியவர் வெயிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

ஆசியா தன் வீட்டு லோடு ஆட்டோவைக் கொண்டுவந்துதான் இரண்டு பேரையும் அள்ளிப் போட்டாள்.

ஸ்டேஷனில் ஒரே நாளில் இரண்டு கேஸ், பெரிய வீட்டார்மேல் ஒன்று, அக்கா தம்பிமேல் ஒன்று. வன்கொடுமைச் சட்டத்தில் போடுங்கள் என்று காளியம்மாள் கேட்டதற்கு, அவன் கிறிஸ்துவன், அந்தச் சட்டம் அவனுக்குச் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அடி வாங்கும்போது மட்டும் எந்த மதமும் குறுக்கே வரவில்லை. ஆனால் ஒன்று. பெரிய வீட்டு எழவுக்கு இனிமேல் கீழத்தெருவுக்கு ஆள் வராது. குத்தாலம் வரைக்கும் அந்த ஊர்வலத்தைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அடுத்த பிணத்துக்கு எந்த அடி விழுமோ என்ற பயம் இருக்கிறதே, அது லேசில் போகாது.

மூன்றாம் நாள், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், பதினோரு மணி வாக்கில் சிங்கராயர் கண்ணைத் திறந்தான். வலது கை முழங்கைவரை கட்டு. அதில் இனி விரல் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இனி நெஜமாவே தெரியாதுன்னு சொல்லலாம்க்கா," என்றான்.

"பேசாத. பல்லப் பேத்துடுவேன்." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அடிக்கறதுதான் அடிச்ச, சாவுக்கு அடிக்கிறத அடிச்சிட்டு உசுரோட வந்திருக்கலாமில்லடா? நான் துப்புனதுக்கா?"

அவன் விட்டத்தைப் பார்த்தான். "அந்த அடிய நான் அவனுக்கு எப்படிக்கா அடிப்பேன்? அம்மாவுக்கே அடிக்கலியே."

அம்மா செத்தபோது அமலோற்பவம் குவைத்தில் இருந்தாள். பாஸ்போர்ட் முதலாளியம்மாவின் பெட்டியில். போனில் அழுதுகொண்டே, நல்லபடியா அனுப்புனீங்களாடா என்று கேட்டதற்கு, நல்லபடியா அனுப்பினோம்க்கா என்று சொன்னவன் இவன்தான்.

"ரெண்டு குச்சியையும் இடுப்புல சொருகிக்கிட்டுதான் நின்னேன். ஒரு அடி அடிச்சிருந்தா சாயங்காலமே பெரிய வீட்டுக்குத் தெரிஞ்சிருக்கும், இவனுகளுக்குத் தெரியும்னு. பொட்டிய தூக்குனோம். செருப்புச் சத்தம் மட்டுந்தான். திருட்டுச் சாமானக் கொண்டுபோற மாதிரி கொண்டுபோனோம்க்கா அம்மாவ. அன்னிக்கு மில்லுல வைக்கோல் பொகையும் தோல் வாசனையும் வரவும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. அதான் மிதிச்சேன்."

அவள் அவனுடைய நல்ல தோளில் ஓங்கி அறைந்தாள். இன்னொன்று அறைந்தாள். "ஏண்டா சொல்லல? இத்தன வருஷமா ஏண்டா சொல்லல?" என்று கேட்டுக்கேட்டு அறைந்தாள். பிறகு கட்டிலின் இரும்புச் சட்டத்தில் கையை வைத்தாள்.

"சொல்லு. அது எப்படிப் போவும்?"

"ஆஸ்பத்திரிக்கா இது."

"சொல்லுடா."

அவன் உடைந்த உதட்டால் மெதுவாகச் சொன்னான். போயி வாரேன், போயி வாரேன், பொழுது போச்சு, போயி வாரேன். அவள் விரல் இரண்டு தடவை தடுக்கியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. இரும்பு, தோலைவிடத் துல்லியமாக ஒலித்தது.

வார்டு மொத்தமும் திரும்பியது. பக்கத்துக் கட்டிலில் கணவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அம்மாள் நடுங்கி எழுந்தாள். "அடிப்பாவி! என் புருஷன் உசுரோட இருக்காருடி! நிறுத்துடி!" கையிலிருந்த செம்பை அப்படியே விட்டெறிந்தாள். அது அமலோற்பவத்தின் நெற்றியில் பட்டுத் தரையில் உருண்டது. ஆயா கத்திக்கொண்டே ஓடிவந்தாள். ரத்தம் புருவத்தில் இறங்கிக் கண்ணை மறைத்தது.

அமலோற்பவம் கையை எடுக்கவில்லை. இந்தத் தடவையாவது அம்மா தாளத்தோடு கல்லறைவரைக்கும் போய்ச் சேர வேண்டும்.